கம்பெனி வாசலில் வெடித்த வண்டி

1961, புரட்டாசி, செவ்வாய் இரவு.

காலையில் அக்காள் மகன் தங்கராசின் பிக்கப்பைப் புஷ்பக விமானமாக்கினேன். பழைய ராணுவ எஞ்சினிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜரை மாட்டினேன். அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். அதற்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டியதும் சைலன்சர் படபடவென்று வெடித்தது. தங்கராசு குறைக்கச் சொன்னான்.

"ஏலே, சிங்கம் உறுமாம பூனை மாதிரியாலே போகும்?" என்று இன்னும் கொஞ்சம் திருகினேன்.

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி வாசலில் லோடு ஏற்றப் போய் நின்றபோது, சைலன்சரிலிருந்து நெருப்போடு ஒரே வெடி. மருந்துக் கொட்டகைகளிலிருந்து பெண்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு வெளியே ஓடினார்கள். ஒருத்தி மகள் பெயரைக் கத்திக்கொண்டு திரும்ப உள்ளே ஓடப் பார்த்தாள். மகள் அவள் பின்னால்தான் நின்றாள்.

"வண்டிதானா அண்ணாச்சி?" என்று அந்தத் தாய் சிரித்தாள். சிரித்தபடி தரையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"இந்த வண்டி இனி இங்கன வரக்கூடாது" என்றார் கணக்கப்பிள்ளை. தீபாவளி சீசன் லோடு மொத்தமும் போயிற்று.

தங்கராசு திட்டவில்லை. "கழட்டிருங்க மாமா" என்றான். திட்டியிருந்தால் நானும் பத்து ஊருக்குக் கேட்கக் கத்தியிருப்பேன்.

கழற்றிவிட்டேன். வண்டி இப்போது பூனை மாதிரிதான் போகிறது. போவதற்குத்தான் இடமில்லை.