உன்னை வரவேண்டாம் என்று நான் சொன்ன பள்ளிக்கூடம்

என் ஸ்டெல்லா புள்ளைக்கு,

நம்ம பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்கடி. போன வெள்ளிக்கிழமை லொறி வந்து மேசை, கதிரை, கரும்பலகை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லிந்துலை டவுன் பள்ளிக்கு இறங்கிப் போனது. அன்றைக்கு நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு வெட்கம்.

நம் அம்மாமார் காலத்தில் அது தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை. ஐந்தாம் வகுப்போடு சரி, அதற்குப் பிறகு முதுகில் கொழுந்துக்கூடை. பள்ளியை அரசாங்கம் எடுத்த பிறகு, தோட்டத்து ஆட்களே ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சுமந்து மேலே மண்டபம் கட்டினார்கள். ஓ.எல். பரீட்சை வரைக்கும் வகுப்பு வந்தது. முதல் வகுப்பில் நாம் ஏழு பேர். கணக்கில் எப்போதும் நான்தான் உன்னைவிடக் கூடுதல் எடுப்பேன். அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

கம்பஸில் பட்டம் படிக்கப் போனது நீ மட்டும். கொழும்பில் சட்டத்தரணி ஆனாய். நான் நியமனம் கிடைத்து அதே பள்ளிக்கு டீச்சராக வந்தேன். இருபத்திரண்டு வருடம். ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைகளை இடம் மாற்றி மாற்றி உட்கார வைத்தது நான். வராத பிள்ளையைத் தேடி லயம் லயமாக ஏறி இறங்கியது நான். ஆனால் ஒவ்வொரு பரிசளிப்பிலும் பள்ளி அதிபர் என்ன சொல்வார்? "ஸ்டெல்லா மாதிரி வரணும் பிள்ளைகளா!" நான் பக்கத்தில் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நீ போன் பண்ணினாய். "லெட்சுமி, ஓ.எல். பிள்ளைகளோட ஒரு நாள் பேசணும்டி. வரவா?"

"இப்ப வேணாம்டி. பரீட்சை நேரம்" என்றேன்.

பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. நீ வந்து நின்றால் என் பிள்ளைகள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. போன வருடம் போயும்விட்டாய். பாதையில் மண் சரிந்துவிட்டது என்று சொல்லி உன் சாவுக்கும் நான் வரவில்லை. பாதை நன்றாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் மெதுமெதுவாகத்தான் காலியானது. வேன் ஓட ஆரம்பித்ததும் முடிந்தவர்கள் டவுனுக்கு அனுப்பினார்கள். சில குடும்பங்கள் கொழும்புக்கே போய்விட்டன. கடைசியாகப் பத்தாம் வகுப்பில் நாலே பிள்ளைகள். நீ அன்றைக்கு வந்து பேசியிருந்தால் ரெண்டு பேராவது போகாமல் நின்றிருப்பார்களா?

கடைசி நாளுக்குப் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். எல்லாம் நான் படிப்பித்த பிள்ளைகள். "ஸ்டெல்லா அக்கா படிச்ச ஸ்கூல்" என்று வாசலில் வரிசையாக நின்று, படம் எடுக்கச் சொல்லிப் போனை என் கையில் கொடுத்தார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் உன் மகள் நிவேதா வந்தாள். அதே நெற்றி, அதே வேக நடை. "அம்மா எங்க உக்காருவாங்க டீச்சர்?" என்று கேட்டாள். பெஞ்சு லொறியில் ஏறிவிட்டது. வெறும் தரையைக் காட்டினேன். அவள் அந்த இடத்தில் போய் நின்றாள். என்னால் தாங்க முடியவில்லை.

"உங்க அம்மா ஒரு தடவ இங்க வர்றேன்னு கேட்டாங்க. நான்தான் பொய் சொல்லித் தடுத்துட்டேன்."

"தெரியும் டீச்சர்" என்றாள். "பரீட்சை எப்ப முடியும்னு அம்மா அதிபர்கிட்ட கேட்டாங்க. அதுக்கு நாலு மாசம் இருக்கு, தாராளமா வாங்கன்னு அவர் சொன்னார்."

"அப்புறம் ஏன் வரல?"

"அது லெட்சுமியோட பள்ளிக்கூடம், அவ கூப்பிடட்டும்னாங்க. நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க."

இதிலும் நீயே ஜெயிச்சிட்ட, பாத்தியா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நாம் ரெண்டு பேரும் சரிக்குச் சரி. தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டாய். அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். உன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே பொறாமைப்பட்டேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

பஸ் வரும்வரை அவளோடு ரோட்டில் நின்றேன். ஏறும்போது, "போயிட்டு வர்றேன் சின்னம்மா" என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை.

நாளை மறுநாள் நான் லிந்துலைப் பள்ளிக்குப் போகிறேன். அந்த நாலு பிள்ளைகளும் என்னோடு வருகிறார்கள். அவர்களோடு பேச வரச்சொல்லி நிவேதாவைக் கூப்பிட்டிருக்கிறேன். இந்தத் தடவை நானே கூப்பிட்டேன்டி. அன்றைக்கு உன் பெயரை என் வாயால் சொல்வேன், உன்னைத் தடுத்ததையும் மறைக்காமல் சொல்வேன். பொறாமை விட்டுப்போகும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அதற்குப் பயந்து இனி ஒரு பிள்ளையின் வழியிலும் குறுக்கே நிற்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மகளுக்குச் சின்னம்மா,
லெட்சுமி