தொங்கிப்போன மணிக்கட்டு

சோமனூர்
12-6-1994

அன்புள்ள அம்மணி சண்முகப்பிரியாவுக்கு, அப்பன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என்ற வலது கையைத் தவிர.

எழுத்தைப் பார்த்து, எட்டாவதோட நின்னவன் மறுபடி ஒண்ணாவதுக்கே போயிட்டான்னு நினைக்காதே கண்ணு. இது இடது கை எழுத்து. போன செவ்வாய் மத்தியானம் தறிக்குடோன்ல இரும்பு நாற்காலியில உட்கார்ந்து, வலது கையைச் சாய்மானச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் தொங்கப்போட்டுக் கண்ணசந்தேன். தறி ஓடினாத்தான் எனக்குத் தூக்கம், சத்தம் நின்னாத்தான் முழிப்பு, உனக்கே தெரியும். தினம் ரெண்டு தடவை போற கரண்ட் அன்னைக்குப் பார்த்துப் போகவே இல்லை. மூணு மணி நேரம் தூங்கிப்போட்டேன். கரண்ட் போகலையேன்னு வருத்தப்பட்டவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்.

எந்திரிச்சா மணிக்கட்டு அறுத்த கோழிக் கழுத்தாட்டம் தொங்குது. தூக்க முடியல, விரலும் நீட்ட வரல. தறியில அறுந்த நூலை உங்கம்மாதான் முடிச்சுப் போடறா. பக்கத்துக் குடோன் லட்சுமணசாமி, இது வாதம், இன்னைக்குக் கை, நாளைக்குக் கால், அப்புறம் வாய்னு வரிசை சொல்லிட்டுப் போனான். வாய் போனா உங்கம்மாவுக்கு நிம்மதிதான். ஆனா நான் படுத்துட்டா உன்னை யாரு பார்ப்பாங்க?

மேட்டுப்பாளையத்துல பாக்கு மண்டி வச்சிருக்கற சென்னியப்பன், பையனுக்கு உன்னைக் கேட்டாரு. கல்யாணத்துக்கப்புறம் படிப்பு வேண்டாம்கறாங்க. நான் சரின்னுட்டேன். 26ஆம் தேதி ஞாயித்துக்கிழமை பார்க்க வாராங்க. லீவு சொல்லிட்டு வந்துரு. ஆடி பொறக்கறதுக்குள்ள உறுதி பண்ணிக்கலாம். கோவிச்சுக்காதே கண்ணு.

உன் அப்பன்,
தம்பிதுரை

*

மதுரை மருத்துவக் கல்லூரி, பெண்கள் விடுதி
17-6-1994

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேனுங்க. முதல் தடவை அழுதேன். ரெண்டாவது தடவை கோபம் வந்தது. மூணாவது தடவை உடற்கூறு புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டேன்.

கழுத்து எலும்புச் சந்துகள்ல இருந்து அஞ்சு நரம்பு வேர் கிளம்புதுங்க அப்பா. காறை எலும்புக்கு அடியில நுழைஞ்சு, சேர்ந்து, பிரிஞ்சு, மறுபடி சேர்ந்து, அக்குள் வழியாக் கைக்குள்ள இறங்குது. அதுல ஒரு நரம்பு மேல்கை எலும்பைப் பின்பக்கமாச் சுத்தி, எலும்பை ஒட்டியே போகும். மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கறது அதோட வேலை. நாற்காலிச் சட்டம் மூணு மணி நேரம் அதைத்தான் அழுத்தியிருக்குன்னு நினைக்கறேன். வாதம்னா கோளாறு மூளையில இருக்கணும்.

கண்ணாடி முன்னால சிரிச்சுப் பாருங்க, வாய் கோணுதா? ஒத்தைக்கால்ல நிக்க முடியுதா? முழங்கையை நீட்ட முடியுதா? கட்டைவிரலுக்குப் பின்பக்கம் மரத்திருக்கா? நான் நினைக்கறது சரின்னா கை பெரும்பாலும் திரும்பிடும். வாரக்கணக்கில ஆகும், மாசக்கணக்கிலகூட ஆகலாம். எண்ணெய் போட்டு யாரையும் முறுக்க விடாதீங்க. நான் நினைக்கறது தப்பாவும் இருக்கலாம். அதனால உடனே ஆர்.எஸ்.புரத்துல நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.

இதுவரைக்கும் மேஜையில கிடத்தின கைகளைத்தான் அறுத்துப் படிச்சிருக்கேன். உயிரோட இருக்கற ஒரு கையைப் பத்தி என்கிட்ட ஒருத்தர் சொல்றது இதுதான் முதல் தடவை. அது உங்க கையா இருக்கணுமா?

26ஆம் தேதி நான் வரலைங்க அப்பா. என்னைப் படிக்க விடுங்க.

உங்கள்,
பிரியா

*

சோமனூர்
3-7-1994

டாக்டரம்மா சமூகத்துக்கு, நோயாளி தம்பிதுரை எழுதறது.

நீ சொன்னதெல்லாம் செஞ்சேன். கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சேன். வாய் நேராத்தான் இருக்குது. பின்னால இருந்து உங்கம்மா, "ஏனுங்க, கைதான் போச்சுன்னு பார்த்தா மண்டையும் போயிருச்சா?"ன்னா. ஒத்தைக்கால்ல நின்னப்ப லட்சுமணசாமி வந்து, "என்னப்பா, தவமா?"ன்னான். "ஆமா, நீ சொன்ன வரிசையில அடுத்தது காலாச்சே, இருக்குதான்னு பார்க்கறேன்"னேன். முழங்கை நீளுது. கட்டைவிரல் பின்பக்கம் மட்டும் அடுத்தவன் தோலாட்டம் இருக்குது.

ஆர்.எஸ்.புரம் டாக்டரும் நீ சொன்னதையேதான் சொன்னாரு. மணிக்கட்டு தொங்காம இருக்கப் பட்டை கட்டி விட்டாரு. எப்ப சரியாகும்னு கேட்டா, அவரும் உன்னாட்டமே வாரம்கறாரு, மாசம்கறாரு.

24ஆம் தேதி பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போனேன். வேண்டாம்கறதை ஆள் விட்டுச் சொல்லக்கூடாதில்ல? சென்னியப்பன் மண்டியில உட்கார வச்சுக் காப்பி குடுத்தாரு. "கை இன்னும் வரலீங்களே, எந்தத் தைரியத்துல வேண்டாங்கறீங்க?"ன்னு கேட்டாரு. "என்ற வைத்தியம் எம் பொண்ணுகிட்டத்தானுங்க நடக்குது. பாதியில டாக்டரைக் கட்டிக்குடுத்துப்போட்டா நோயாளி எங்க போவானுங்க?"ன்னேன். அவரு சிரிக்கல. நான் பழக்கமில்லாத இடது கையில டம்ளரை எடுக்கப் போயி, கை தவறிக் காப்பியை அவரு வேட்டியில கொட்டிப்போட்டேன். இனி அவங்களே கேட்டு வர மாட்டாங்க.

திரும்பி வாரப்ப பஸ்ல உன் கடுதாசியை மறுபடி படிச்சேன் கண்ணு. பயந்தது நான். அதுக்கு உன் படிப்பை நிறுத்தப் பார்த்தேன். தப்புத்தான்.

கை இன்னும் தூக்கல. தினம் காலையில எந்திரிச்சதும், "தூக்குங்க சாமி"ன்னு மரியாதையாக்கூடச் சொல்லிப் பார்க்கறேன், கேட்கறதில்லை. வந்துதுன்னா எழுதறேன். வரலைன்னா நீ படிச்சு முடிச்சுட்டு வந்து பாரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.

அப்பன்