ஒன்பது மணித் திசை

ஜனவரி 11

இன்று நான் சொல்லாதது: அந்தக் காயம் பைனாகுலர் வாரால் வந்ததல்ல.

விடுதியின் சாப்பாட்டு அறையில், எங்கள் பறவைப் பயணத்தை நடத்தும் வழிகாட்டி அம்மாள், அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, இப்படிக் கன்னிப் போயிருக்கு?" அக்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "பைனாகுலர் வாரு உரசிடுச்சு" என்றாள். அத்தான் சிரித்தார். "சொன்னா கேக்கறாளா? நாள் பூரா கழுத்துல மாட்டிக்கிட்டே அலையறா." வழிகாட்டி தன் பையிலிருந்து பஞ்சு வைத்த அகலமான வார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வார் உரசினால் பின்கழுத்தில் உரசும். காதுக்குக் கீழே, விரல் விரலாகவா உரசும்? நான் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

இந்தப் பறவைப் பயணத்துக்கு என்னைக் கூப்பிட்டது அக்காதான். "நீயும் வாடி. நீ இருந்தா அவரு கொஞ்சம் அடக்கி வாசிப்பாரு." கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் வாய்விட்டுச் சொன்னது இந்த ஒன்றுதான்.

ஜனவரி 12

ஏரி. வேனில் நாங்கள் மூவர், பீரங்கி மாதிரி ஒரு லென்ஸோடு ரிட்டயரான பல் டாக்டர் ஒருவர், வேனை ஓட்டும் வழிகாட்டி.

கரையில் ஒரு மரக்குடில். சுவரில் நீளவாக்கில் வெட்டிய துளைகள் வழியாகப் பறவை பார்க்க வேண்டும். உள்ளே பேசக்கூடாது. "மூச்சு விடலாம். அதுவும் கடன் கேக்கற மாதிரி மெதுவா" என்றார் வழிகாட்டி. எதையாவது கண்டால் கடிகாரக் கணக்கில் முணுமுணுக்கலாம்: நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்பது.

அத்தான்தான் முதலில் சொன்னார்: "ஒரு மணி. வல்லூறு." சொல்லி முடிப்பதற்குள் அது ஒரு வாத்தின் மேல் பாய்ந்து விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். சேற்றில் வாத்தை மிதித்துக்கொண்டு நின்று அதன் நெஞ்சு இறகைப் பிடுங்கத் தொடங்கியது. வாத்து இன்னும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

"என்னா அழகு!" என்றார் அத்தான்.

"மயக்க ஊசி போடாம பண்றான், படுபாவி" என்றார் பல் டாக்டர்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா திருப்பவில்லை. கடைசிவரை பார்த்தாள்.

ஜனவரி 13

என்னால்தான்.

நாணல் காடு. அத்தான் வெகுகாலமாகத் தேடும் குருகு இங்கே உண்டு. ஆபத்து என்றால் கழுத்தை நீட்டி, நாணலோடு நாணலாக ஆடி நின்று ஒளிந்துகொள்ளும் பறவை. வெகுநேரம் தேடினோம். அக்காவின் பைனாகுலர் ஓரிடத்தில் நின்றது. பிறகு அதை இறக்கிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன் — மஞ்சள் கண் ஒன்று. வாய் திறப்பதற்குள் நாணல் மூடிக்கொண்டது.

திரும்பும் வழியில், குருகைப் பார்க்க முடியலையே என்று பல் டாக்டர் ஒரே புலம்பல். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா அப்பவே பாத்துட்டா! அவ கண்ணு போன பக்கம் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"அட, மேடத்துக்குக் கண்ணா இல்ல டெலஸ்கோப்பா?" என்றார் டாக்டர்.

அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். "அப்படியா? சொல்லவே இல்லையே." பஞ்சு மாதிரிக் குரல்.

பெட்ரோல் போட நிறுத்தினோம். அக்கா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கதவு அவள் விரல்மேல் சாத்திக்கொண்டது. அதே ஈரத்துணிச் சத்தம்.

"அய்யய்யோ! கை இருக்கறதப் பாக்கலயே!" அத்தான் துடித்த துடிப்பில் கடைக்காரரே ஐஸ் கொண்டு ஓடிவந்தார். பல் டாக்டர் ஐஸ்கிரீம் குச்சியை வைத்து நடுவிரலைக் கட்டினார். "நான் பல்லுக்குத்தாம்மா டாக்டர். ஆனா எலும்பு எலும்புதான்."

அந்தக் கதவு துருப்பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்தால்தான் நகரும். அவர் இரண்டு கையாலும் இழுத்தார்.

குளியலறையில் அக்காவுக்குத் தலை வாரிவிட்டேன். "ஏன்டி வாயைத் திறந்த?" என்றாள். திட்டவில்லை; கேட்டாள். "நான் எதையாவது முதல்ல பாத்துட்டா அவருக்கு ஆகாது. கண்ணு நல்லா தெரியுதுன்னு அடி வாங்கறவ உலகத்துலயே நான் ஒருத்திதான்." சிரிக்கவும் செய்தாள். 

ஜனவரி 14

கடலோரப் பாறை. கீழே கடற்காகம் ஒன்று பக்கத்துக் கூட்டின் குஞ்சை உயிரோடு விழுங்கியது. தொண்டைக்குள் அது புடைத்து நெளிந்தது. பறவையை வைத்து மனிதர்களைப் பற்றி எழுதுவது சோம்பேறித்தனம். கடற்காகத்துக்குப் பசி. அவனுக்கு என்ன?

அவன். இந்தப் பக்கங்களில் இனி அப்படித்தான்.

விளிம்பில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நான். அக்காவும் டாக்டரும் வழிகாட்டியும் வேனருகே. நான் படித்த புத்தகங்களில் கொலைக்கு முன்னால் எல்லோருக்கும் கை வியர்க்கும். எனக்கு வியர்க்கவில்லை. கை உலர்ந்து, சூடாக, தயாராக இருந்தது. நீட்டினால் போதும்.

"பாத்து நில்லு, வழுக்கும்" என்றான் திரும்பாமலே.

கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நல்ல மனதால் அல்ல. பயம்.

ஜனவரி 15

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கழிமுகம். பெரிய குடில், வேறொரு குழுவும் உள்ளே இருந்தது. சேற்றில் உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில். யாரும் மூச்சு விடவில்லை. அக்காவுக்கு விரல் வலி, "காத்தாட நடத்திக் கூட்டிட்டு வரேன்" என்று அவன் வெளியே அழைத்துப் போயிருந்தான். நான் பைனாகுலரை இடப்பக்கம் திருப்பினேன். சதுப்புக்கு மேலே போகும் மரப்பாதை, வளைவில் அவர்கள்.

கட்டுப்போட்ட விரலைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். அக்கா முழங்காலில் இருந்தாள். வாய் திறந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் வராது. கண்ணாடிக்குள் எல்லாம் பக்கத்தில், எல்லாம் ஊமையாக. பிறகு வாரைப் பிடித்து இழுத்தான், அந்தப் பஞ்சு வைத்த வாரை. அவள் தலையைக் கைப்பிடிக் கட்டையில் மோதினான். மறுபடியும்.

கத்தினால் கேட்காது. ஓடினால், போய்ச் சேரும்போது மனைவியைத் தாங்கிப் பிடித்த கணவனாக நிற்பான். ஊருக்கெல்லாம் தங்கம் அவன்.

"ஒன்பது மணி" என்றேன். என் குரல்தான். "மரப்பாதை, வளைவு. எல்லாரும் பாருங்க."

பைனாகுலர்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. "என்ன பறவை? எங்க, எங்க?" என்று யாரோ ஆவலாகக் கேட்டார்கள். பல் டாக்டரின் கேமரா படபடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டது.

"எங்க அக்கா. எங்க அத்தான்."

கேமரா நிற்கவில்லை. டாக்டரின் விரல் பொத்தானிலேயே உறைந்துவிட்டது. வழிகாட்டி கதவை உதைத்துத் திறந்துகொண்டு, "டேய்!" என்று அலறியபடி ஓடினார். நாள் முழுக்க எங்களைக் கிசுகிசுக்க வைத்தவர். அத்தனை உள்ளானும் ஒரே வீச்சில் எழும்பின. வானம் கிழிந்த மாதிரி இருந்தது. அவன் நிமிர்ந்தான். அடித்த கை அப்படியே அவள் நெற்றி ரத்தத்தைத் துடைக்கிற கையாக மாறியது. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

போலீஸ் வந்து அவனை அழைத்துப் போனது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்ததும் அக்கா சொன்னது: "இத்தனை பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியேடி."

பிப்ரவரி 2

அவனை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். அக்கா என் அறையில், என் கட்டிலில், என் போர்வையைப் போர்த்திக்கொண்டு, என்னோடு பேசாமல் இருக்கிறாள்.

பிப்ரவரி 18

பல் டாக்டர் சாட்சி சொல்ல வந்தார். "இத்தன வருஷமா படம் எடுக்கறேன். எதையும் இவ்வளவு கூர்மையா எடுத்ததில்லம்மா" என்று சொல்லிவிட்டு, நீதிமன்ற வராந்தாவில் நின்று அழுதார். அக்காதான் கைக்குட்டை கொடுத்தாள்.

அவன் எங்கள் வீட்டுத் தெருப்பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு. காகிதம். அவன் கதவை உடைத்தால் காகிதம் தடுக்குமா? வெளியே வரும்போது, என் காதருகே, "எத்தன நாளைக்குன்னு பாக்கறேன்" என்றான். அக்காவுக்குச் சொல்லவில்லை. திரும்பவும் சொல்லாமல் விடுகிறேன்.

பிப்ரவரி 19

சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றாள். இங்கே வந்தபிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை. பிறகு, "போர்வை கடிக்குது, வேற வாங்கு" என்றாள்.

மார்ச் 9

நடுவிரல் கோணலாகத்தான் கூடியிருக்கிறது. அந்தக் கையாலேயே துணி காயப்போட மாடிக்குப் போனாள். நான் கீழே படித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அவள் குரல் வந்தது. உரக்க, தெரு முழுக்கக் கேட்கும்படி.

"பத்து மணி! தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி!"

மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். பறவை எதுவும் இல்லை. அவன் நின்றிருந்தான். கையில் இரும்புக் கம்பி.

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அக்கா போனைக் காதில் வைத்தபடி, அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல், அதே குரலில் எங்கள் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வந்தது. அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.