எங்கள் ஜீப்பின் சிவப்பு எஞ்சின்

மார்ச் 3, ஞாயிறு

இன்று வாசலில் ஜீப்பைச் சுற்றி நின்றவர்கள்: நான், என் வீட்டுக்காரர், கொழுந்தனார், மெக்கானிக், பழைய ராணுவ வண்டிச் சங்கத்தின் பரிசோதகர். ஐவரில் சிரித்தது கொழுந்தனார் மட்டும்.

ராணுவம் ஜீப்பில் பதித்த தகட்டில் எழுதியிருக்கும் எஞ்சின் எண் ஒன்று. எஞ்சினிலேயே அடித்திருக்கும் எண் வேறொன்று. "ராணுவ எஞ்சின்தான்னு காட்டுங்க. இல்லன்னா சங்கத்து அணிவகுப்புல இடமில்ல" என்று பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏதாவது மாவு மில்லுலேர்ந்து வந்திருக்கும், அண்ணி."

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. "பொய் எஞ்சின்னா வண்டியே வேணாம். வித்துடலாம்."

ஓய்வு பெற்றதிலிருந்து ஜன்னலே கதியென்று கிடந்த மனுஷன். ஜீப் வந்த பிறகுதான் சீட்டியடிக்கிறார். மறுபடி ஜன்னலா? ஆண்டவனே, நீதான் பார்க்கணும்.

மார்ச் 5, செவ்வாய்

காலைப் பிரார்த்தனை முடித்த கையோடு, கதவு பெயிண்ட் சுரண்டும் கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எஞ்சினின் அடியில், யார் கண்ணும் படாத இடத்தில், உள்ளங்கை அகலம் சுரண்டினேன். மேலே பச்சை, கீழே சாம்பல். இரண்டும் இவர் அடித்தது. அதற்கும் கீழே — நல்ல சிவப்பு. வீட்டுக்கு வாங்கிய ஒவ்வொரு பெயிண்ட் டப்பாவும் என் கணக்கில் உண்டு. சிவப்பு இல்லை.

மார்ச் 6

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "ஜீப் எஞ்சினுக்கு யாரும் சிவப்பு அடிக்க மாட்டாங்கக்கா. ஆனா ராணுவ விமானத் தளத்துல தீயணைக்க இழுத்துட்டுப் போற சிவப்பு பம்ப்புக்கும் இதே எஞ்சின்தான். அவசரத்துக்கு ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டியிருப்பாங்க."

"அப்போ அதுவும் ராணுவந்தானே, தம்பி?"

தலையைச் சொறிந்தார். "அட, ஆமா."

ஆனால் சாட்சி? இரண்டு எண்களையும் எழுதி, சிவப்பையும் சொல்லி, சங்கத்தின் மாத இதழுக்கு அனுப்பினேன். இவரிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 14

ஜீப்பை வாங்க ஒருவர் வந்தார். இவர் சாவியைத் தேடு தேடென்று தேடினார். அது எங்கே இருக்கிறதென்று எனக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

ஏப்ரல் 2

இதழைப் பார்த்து, ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் எழுதியிருக்கிறார். விமானத் தளத்து ஏலத்திலேயே பம்ப்பை எடுத்தாராம். எஞ்சினில் கை வைக்கவே இல்லையாம். எங்கள் தகட்டிலுள்ள எண் அவர் எஞ்சினில். அவர் தகட்டிலுள்ளது எங்கள் எஞ்சினில். எஞ்சின்களை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

கடிதத்தை இவரிடம் நீட்டினேன்; இருவருமாகப் பரிசோதகருக்குக் காட்டினோம். "ராணுவமே மாத்தினதுதான். அணிவகுப்புக்கு வந்துடுங்க."

"பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தி ஆயிட்டீங்க, அண்ணி," என்றார் கொழுந்தனார். மாவு மில் பேச்சையே காணோம்.

சாவியைப் பிரார்த்தனை விளக்குக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இவர் என்னைப் பார்த்த பார்வை — சரி, அதை எழுத வேண்டாம்.

ஏப்ரல் 4

இவர் சீட்டியடித்தபடி வண்டியின் பின்கொக்கிக்கு எண்ணெய் போடுகிறார். நான் அனுப்பிய பதிலின் நகல்:

"ஐயா, எஞ்சினைத் தர இவருக்கு மனமில்லை. தீயை அணைத்தது, எங்களிடமே இருக்கட்டும் என்கிறார். ஆனால் உங்கள் பம்ப்பை எங்கள் ஜீப்பின் பின்னால் பூட்டி, அணிவகுப்பில் சேர்ந்தே போகலாம். உங்களுக்கு முன்சீட். சம்மதமா? சீக்கிரம் பதில் போடுங்கள்."