பொக்கவாயிக்குப் பெயர் வைத்தவள்

இன்று சிவாஜிநகரில் பஸ் ஏறும்போது மேல்கம்பியில் மண்டை மோதிவிட்டது. மருந்துக்கடைக்காரர் பஞ்சில் டிங்சர் தொட்டு வைத்தார். அந்த வாசனை ஏறியதும் கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். நீ போய் மூன்று மாதமாகிறது. இருந்திருந்தால், "பஸ்ஸுக்கு என்ன பேருடி வச்ச?" என்று கேட்டிருப்பாய்.

விமானங்கள் நிற்கும் நம் கொட்டகையின், நம் ஹேங்கரின் வழக்கம் வெளியே யாருக்குத் தெரியும்? புது ரகப் போர் விமானத்துக்கு டெல்லியிலிருந்து பெயர் வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். வந்தாலும் புலி, மின்னல், ஏதாவதொரு அஸ்திரம். அதுவரை அது வெறும் நீள நம்பர். அதனால் முதலில் யார் அதில் மண்டையை இடித்துக்கொள்கிறார்களோ, அவர்கள் வைப்பதே செல்லப்பெயர்.

தொண்ணூற்றாறில் ஒன்று வந்தது. டூல் ரூம் உன் பொறுப்பு. ஜாப் கார்டு எழுதுவது என் வேலை. ஹேங்கரில் பெண்கள் நாம் இருவர்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவர் குறைகிறது என்று இறக்கைக்கடியில் தேடிவிட்டு நிமிர்ந்தாய். 'ணங்'கென்று ஒரு சத்தம். ரத்தம். நான்தான் டிங்சர் வைத்தேன். மூக்கு மூடியைக் கழற்றியிருந்த விமானத்தைப் பார்த்து நீ சிரித்தாய். "பல்லுப்போனவ மாதிரி நிக்கறா பாரு. பொக்கவாயின்னு வைடி!"

மறுநாள் நம் மேற்பார்வையாளர், சார்ஜ்மேன், ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கயோ இடிச்சுக்கிட்டு வந்து இங்க பேரு வைக்கறியா? இது ஷேர். சிங்கம்!" என்றவர், என்னிடம் திரும்பினார். "நீ பாத்தியாம்மா?" எனக்கு வேலை நிரந்தரமாக இரண்டு மாதம் இருந்தது. "கவனிக்கல சார்" என்றேன். சீ, இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நீ சண்டை போடவில்லை. ஸ்பேனர் கேட்டு வந்தவர்களிடம், "ஷேரா? அப்படி யாரும் நம்ம ரெஜிஸ்டர்ல இல்லையே ஸ்வாமி. முழு நம்பரைச் சொல்லுங்க, இல்ல பொக்கவாயின்னு சொல்லுங்க" என்றாய். அந்த நம்பர் யாருக்கு மனப்பாடம்? ஒரு இலக்கம் பிசகினாலும் திருப்பி அனுப்பினாய். ஒன்பதாம் நாள், எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் அவசரத்தில் போல்ட்டை அளவாக முறுக்கும் கருவி கேட்டு சார்ஜ்மேனே வந்து நின்றார்.

"பொக்கவாயிக்கு டார்க் ரெஞ்சு கொடு தாயி!"

அதன் பிறகுதான் எனக்கு உன் முன்னால் வரத் தைரியம் வந்தது. "பாத்தேன்னு சொல்லியிருக்கணும்டி. பயந்துட்டேன்."

"இப்பப் போய்ச் சொல்லு."

"அவரே ஒத்துக்கிட்டாரே!"

"அவரு ரெஞ்சுக்காக ஒத்துக்கிட்டாரு. நீ பாத்ததுக்காகச் சொல்லு."

டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. செய்தி தெரிந்த அன்று, என் வீடு இருக்கும் ஜோகுபாளையம் வரை நீ என்னோடு நடந்தே வந்தாய்.

டெல்லி வைத்த பெயரும் ஒருவழியாக வந்துவிட்டது. பேப்பரில் பெரிதாகப் போட்டார்கள். போன வாரம் மேலதிகாரிகள் நடத்திய ஒரு விசாரணையில், கண்ணால் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாற்றி எழுதச் சொன்னார்கள். முடியாது என்றேன். ஹேங்கரில் எனக்கும் இப்போது ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: சாட்சி. கிண்டலாகத்தான் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பி நின்று, "என்ன?" என்று கேட்கிறேன்.