நிலாவின் வலது ஓரம்

பிப். 27, வெள்ளி

பகலெல்லாம் மூடுபனி. ஆறு மணிக்குக் கலைந்தது. செவ்வாய் மாலை சந்திர கிரகணம், இன்று ஒத்திகை. மொட்டை மாடியில் டெலஸ்கோப். வியாழன் அருமை, நாலு பெரிய துணைக்கோளும் வரிசையில். பிறகு நிலா. வலது ஓரத்தில், கீழே, சாம்பலாக ஒரு கறை. கண்ணைக் கசக்கினேன். போகவில்லை.

நிலா நகர்ந்தது, கறை நகரவில்லை. அப்படியானால் நிலாவில் இல்லை. என் கண்ணில்.

எனக்கு இருப்பதே ஒரு கண். வலது கண் பத்து வயதில் கிட்டிப்புள் பட்டுப் போனது. ஸ்கூல் லேபில் இத்தனை வருடம் வேலை பார்த்தது இடது கண்தான். ஐயோ ஆண்டவரே.

பிப். 28, சனி

வாங்கியவை: டார்ச் பேட்டரி, முட்டை, தைலம். தவக்காலம், டீயில் சர்க்கரை கிடையாது. பத்தாவது நாள், பழகவே இல்லை.

மாலை மறுபடி கறை. கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் போனை வைத்துப் படம் எடுத்தேன். படத்திலும் அதே இடத்தில்! படத்தைப் பார்ப்பதும் இதே கண்தானே. போனை அணைத்துவிட்டேன், மேற்கொண்டு பார்க்கப் பயம்.

மதுரை கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். ரோஸ்லினிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் தூக்கம் போய்விடும். பெண்டாட்டி தூங்கட்டும்.

மார்ச் 1, ஞாயிறு

பூசை. வேண்டுமென்றே கடைசி பெஞ்ச். பாட்டு எண் பலகையை அங்கிருந்து படித்தேன், எல்லாம் தெளிவு. பிரசங்கம் ஒரு வார்த்தை ஏறவில்லை.

வெளியே பூண்டு மூட்டையோடு இரண்டு பேர். "செவ்வாக்கெழம கிரகணமாம்ல. சோலிய வெள்ளனே முடிச்சிரணும்."

சோற்றில் கறை இல்லை. சுவரில் இல்லை. மாலை, நிலாவில் இருக்கிறது. ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்குமோ? கண் போனால் போகிறவை: பேப்பர், மாடிப்படி, சனிக்கோளின் வளையம், ரோஸ்லின் முகம். இதை எழுதியிருக்கக் கூடாது.

மார்ச் 2, திங்கள்

நாளை எனக்குத் தெரியாவிட்டால் படமெடுக்க ஒரு ஆள் வேண்டும். ரோஸ்லினை மாடிக்குக் கூப்பிட்டேன்.

"அடுப்புல கொழம்பு கெடக்கு. வெரசா சொல்லுங்க."

ஐபீஸில் கண்ணை வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆமா, இது என்ன நூலாம்படையாட்டம்? தொடைக்க மாட்டீங்களா?"

"எங்க?"

"வலப்பக்கம், கீழ. சாம்பலா கெடக்குல்ல."

தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கும் தெரிகிறது! ஐபீஸைக் கழற்றி டார்ச் அடித்தால், கண்ணாடிக்குள் பூஞ்சை, வேர் விட்டுப் படர்ந்து. சடமுண்டம், நான் ஒரு சடமுண்டம். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூணு நாளா ஒத்தையில முழுங்கிக்கிட்டுத் திரிஞ்சீங்களாக்கும்? நான் எதுக்கு இருக்கேன் இந்த வீட்டுல?"

நல்ல திட்டு. குழம்பு அடிப்பிடித்துவிட்டது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

நன்றாகத் தூங்கினேன். டெலஸ்கோப் சாமான் இருக்கும் அலமாரியில் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரிய வேண்டும். கொடைக்கானல் ஈரத்துக்கு அதுதான் மருந்து. திறந்தால் ஹோல்டர் காலி, இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

ரோஸ்லின் பரணிலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்டாரை இறக்கினாள். உள்ளே பல்பு.

"பண்டிக முடிஞ்சதும் திருப்பி மாட்டிருவேன்னு கழட்டுனது யாரு?"

நான்தான். மாட்டினேன்.

மாலை ஆறரை. வத்தலக்குண்டு பக்கம் மேகம். அதற்கு மேலே நிலா, ஓரம் கடித்த அப்பமாக. கிடைத்தது பதினைந்து நிமிடம். வேறு ஐபீஸ் இல்லை, பூஞ்சையோடு ஒன்பது படம். ஆடாமல் வந்தவை இரண்டு, இரண்டும் ரோஸ்லின் எடுத்தது. இனி வாயை மூட மாட்டாள்.

6.47. நிழல் விலகி முழு நிலா. வலது ஓரத்தில் அதே கறை. இருந்துவிட்டுப் போகட்டும்.

"வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்கு வரலேன்னு சொல்லிரவா?" என்றேன்.

"எதுக்கு? மொத பஸ்ஸுல போறோம். நானும் வர்றேன்."

சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். படியில் அவள் என் வலது பக்கம் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கம்தான் நடக்கிறாள்.