தெளிந்த வெள்ளம் ஓடும்வரை

கீழ்க்கரை,
தக்கலை வழி,
9.6.2025

நேசபாய்க்கு,

"கர்த்தருக்குள் அன்பான" என்று தொடங்கத்தான் நம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். கர்த்தர் இருக்கிறார். மற்றது இன்னும் வரவில்லை. அதனால் வெறும் பெயர் மட்டும்.

குளத்துக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தபாலில் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரி. உன் மகன் ரசலையனின் பாட்டில் ஷெட்டிலிருந்து பாட்டில் கழுவின தண்ணீர், பால் மாதிரி வெள்ளம், ஓடை வழியாகக் குளத்தில் வந்து விழுந்ததே, அதைக் கேட்க வந்த என்னிடம் வேலைக்காரர்கள் முன்னால் நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை: "குளத்துக்கு உன் பேரில பட்டா இருக்கா, ஏட்டி?" அன்று நீ கட்டியிருந்தது வாடாமல்லி நிறச் சேலை. முந்தானையில் மஞ்சள் கறை. அன்றைக்கே கோயிலில் முழங்கால் போட்டுச் சொன்னேன், அந்த ஓடையில் தெளிந்த வெள்ளம் ஓடும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

காரியத்துக்கு வருகிறேன். என் பேத்தி ஸ்மைலின் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் அல்லவா? தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்கைக் கரைக்கிற கிருமி ஒன்று உலகத்தில் உண்டாம். ஆனால் அது சோம்பேறி. அதனிடமிருந்து அந்தத் திறமையை மட்டும் எடுத்து, சுறுசுறுப்பாகப் பெருகுகிற இன்னொரு கிருமிக்குள் வைத்திருக்கிறார்கள். இப்போது அது பாட்டில் தூளைக் கரைத்து, கரைந்ததைத் தின்றே வளர்கிறதாம். ஆய்வுக்கூடத்துச் சின்னப் பாத்திரத்தில் நடந்தது. இனிப் பெரிய தொட்டியில், நிஜமான அழுக்கு வெள்ளத்தில் நடக்கவேண்டும். பாட்டிலை வெட்டிக் கழுவுகிற உன் ஷெட்டின் வெள்ளத்தில் அந்தத் தூள் மாவு மாதிரி கிடக்கிறது. அதுதான் வேண்டுமாம்.

ரசலையனிடம் கேட்டாளாம். "எடம் அம்மா பேரில இருக்கு, அம்மா சொன்னாத்தான்" என்று அனுப்பிவிட்டான். சின்ன வயதிலும் அப்படித்தான், மூக்கைச் சிந்தவும் உன்னைக் கேட்பான்.

இந்த மாதத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் தொட்டி வேறு ஊருக்குப் போய்விடும். அவளும் போய்விடுவாள். குளம் பால் நிறத்திலேயே கிடக்கும். யோசித்து எழுது.

உன்னிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத,
ஜெயபாய்


மேல்க்கரை,
14.6.2025

ஜெயத்துக்கு நேசம் எழுதுவது.

இங்கு சுகம். உன் சுகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாடியில் வற்றல் காயப்போடும்போது குனியாதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அந்தச் சேலை வாடாமல்லி இல்லை, கத்தரிப்பூ நிறம். கறை இருந்தது உண்மை.

ஊர் முழுக்கக் குடித்துவிட்டு எறிகிற பாட்டிலை என் மகன் பொறுக்கிக் கழுவுகிறான். அவன் பொறுக்காவிட்டால் அவ்வளவும் உன் குளத்தில்தான் மிதக்கும். அதற்கு அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை எவரும் சொல்லவில்லை. நீயும்தான்.

கிருமி விஷயத்தில் எனக்குப் பயம் இருக்கிறது. ஒன்றுக்குப் பிளாஸ்டிக் ருசியைக் காட்டிவிட்டால் அது அடங்குமா? ஷெட்டை விட்டு வெளியே வந்து என் மாடித் தொட்டியைத் தின்னும், பிறகு கோயில் நாற்காலிகள். கண்ணாடித் தம்ளரில் என் பல்செட் கிடக்கிறது, அதை என்ன செய்யும்? சபை முழுக்கத் தரையில் உட்கார்ந்து, பல் இல்லாமல் பாட்டுப் பாடவேண்டியதுதான்.

நேரில் வந்து வாயைத் திறந்து கேள். தருகிறேன்.

இப்படிக்கு,
பட்டா உள்ள,
நேசபாய்


கீழ்க்கரை,
18.6.2025

நேசபாய்க்கு,

தபால் கொண்டுவருகிற அஸ்வதி உன் கடிதத்தை என் கையில் தரும்போது கேட்டாள்: "என்னத்துக்கு பாட்டி, எதிர்க்கரைக்கு ஸ்டாம்பு ஒட்டுதிய? ஒரு கூவு கூவுனா கேக்குமே." கூவுவதும் பேச்சுதான் மக்கா என்றேன்.

உன் பயத்தை ஸ்மைலினிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. "நல்ல கேள்வி பாட்டி, இதைத்தான் எங்க கமிட்டியிலயும் மாறி மாறிக் கேட்டாங்க" என்றாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன். அந்தக் கிருமி மூடியிட்ட இரும்புத் தொட்டிக்குள்தான் இருக்கும். தொட்டியை விட்டு வருகிற வெள்ளத்தைக் கொதிக்கவைத்து, கிருமி செத்த பிறகுதான் ஓடையில் விடுவார்கள். தப்பித்தவறி ஒன்று வெளியே போனாலும் பிழைக்காது. அவர்கள் தொட்டியில் ஊற்றிக் கொடுக்கிற ஒரு தீனி இல்லாமல் அதால் வாழமுடியாதபடிதான் உண்டாக்கியிருக்கிறார்கள். மாமியார் வீட்டுச் சாப்பாடு இறங்காத பெண் மாதிரி. உன் மருமகளை நினைத்துக்கொள்.

அது தின்பது பாட்டில் ஜாதி ஒன்றைத்தான். அந்த பாட்டிலின் மூடியைக்கூடத் தொடாது. மாடித் தொட்டி, நாற்காலி, பல்செட் எல்லாம் வேறு ஜாதியாம். உன் பல்லுக்கு ஒன்றும் வராது. நாக்குக்குத்தான் ஏதாவது வரவேண்டும்.

நேரில் வரமாட்டேன். சத்தியம் சத்தியம்தான். ஸ்மைலின் வருவாள். அவள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல முடிந்தால் சொல்.

ரசலையன் பாட்டில் பொறுக்குவது நல்ல காரியம். எழுதிவிட்டேன், போதுமா?

ஜெயபாய்


மேல்க்கரை,
30.6.2025

ஜெயத்துக்கு,

தொட்டி வந்துவிட்டது. கதவை விட உயரம். ஷெட்டின் ஒரு பக்கச் சுவரை இடித்துத்தான் உள்ளே ஏற்றினார்கள். இடித்த சுவருக்கும் நீ ஒரு குற்றம் வைத்திருப்பாய், அடுத்த கடிதத்தில் வரும்.

உன் பேத்தி முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லத்தான் வாசலில் நின்றேன். அவள் என்னைக் கண்டதும், "சுகமா இருக்கியளா சின்னப்பாட்டி? உங்க கையால சாளைக் கறி தின்னு எத்தனை காலமாச்சு" என்றாள். பிறகு நான் என்ன சொல்ல? மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறி வைத்துக் கொடுத்தேன். உன்னைப் போலவே தட்டைப் பார்க்காமல் சாப்பிடுகிறாள், உன்னைப் போலவே முள்ளை வரிசையாக அடுக்கிவைக்கிறாள். இன்னும் இரண்டு சாளையை அவள் தட்டில் வைத்தேன். வரிசை நீளட்டும் என்று.

நேசம்


கீழ்க்கரை,
11.8.2025

கொலைகாரி நேசபாய்க்கு,

நேற்று என் பேத்தி உன் ஷெட்டிலிருந்து வந்து கட்டிலில் குப்புறப் படுத்தாள். "பாட்டி, எல்லாம் செத்துப்போச்சு" என்றாள். யாரோ எவரோ என்று நான் பதறிவிட்டேன். கிருமிகள்! தொட்டி நிறைய வளர்த்து, வெள்ளம் தெளியத் தொடங்கிய சமயத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. கழுவின வெள்ளத்தோடு பிளீச்சிங் பவுடர் உள்ளே போயிருக்கிறது. மூட்டைக் கணக்கில்.

ஷெட்டில் பிளீச்சிங் பவுடர் போட்டது யார் என்று விசாரித்தேன். உன் பெயர்தான் வந்தது. உள்ளுக்குள் இவ்வளவு விஷம் வைத்துக்கொண்டா என் பிள்ளைக்குச் சாளைக் கறி போட்டாய்? என்மேல் உள்ள கோபத்தை அந்த வாயில்லாப் பூச்சிகள்மேல் காட்டினாயே!

என் மகள் கல்யாணத்தில் அடைப்பிரதமன் பாயசத்தில் புகை மணம் என்று நீ மூன்றாம் பந்தியில் ஊருக்கெல்லாம் சொன்னபோதே உன்னை அறிந்திருக்கவேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? இல்லை. எனக்கு எதுவும் மறக்கவில்லை.

ஜெயபாய்


மேல்க்கரை,
13.8.2025

ஜெயம்,

திட்டு. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

ஞாயிறு ஆராதனை முடிந்து தொட்டிக்கு ஜெபம் பண்ண நம் சபைப் போதகர் ஐயர் வருவதாகச் சொன்னார். ஐயர் கால் வைக்கிற இடம் எப்படி இருக்கவேண்டும்? கிறிஸ்துமஸுக்கு வீடு கழுவுகிற மாதிரி சனிக்கிழமை முழுதும் நின்று ஷெட்டைக் கழுவவைத்தேன். தரைக்கும் சுவருக்கும் கழுவுகிற தொட்டிக்கும் வாரி வாரிப் போடச் சொன்னேன். மருமகள், "இம்புட்டு வேண்டாம் மாமி" என்றாள். "கர்த்தருடைய காரியத்துக்குக் கணக்குப் பாக்காதட்டி" என்று அவளை அடக்கினேன். அந்த வெள்ளம் எல்லாம் குழாய் வழியாக நேரே தொட்டிக்குத்தான் போகும் என்று என் மண்டையில் ஏறவில்லை. ஐயர் வந்து, "இதிலுள்ள ஜீவன்கள் பலுகிப் பெருகட்டும்" என்று ஜெபித்தார். உள்ளே எல்லாம் செத்துக் கிடந்தது. நான்தான் சத்தமாக ஆமென் சொன்னேன்.

உன் பேத்தியிடம் அழுதுகொண்டே சொன்னேன். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். திருவனந்தபுரத்தில் விதைக் கிருமி பெட்டியில் பத்திரமாக இருக்கிறதாம், மறுபடி வளர்க்கலாமாம். இனிக் கழுவுகிற வெள்ளம் முதலில் வேறொரு தொட்டியில் தங்கும், சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்களாம். "இது எங்களுக்குத் தோணவே இல்ல சின்னப்பாட்டி, நெசமாவே ஒரு ஊருல வச்சா இப்பிடியெல்லாம் நடக்கும்னு" என்றாள்.

அடைப்பிரதமனில் புகை மணம் இருந்தது.

நேசம்


கீழ்க்கரை,
12.10.2025

நேசத்துக்கு,

உன் ஆமெனைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. அதற்கும் உன்னைத்தான் குற்றம் சொல்வேன்.

இன்று ஸ்மைலின் என் கையைப் பிடித்து ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றி இறங்கினேன். வெள்ளம் கணுக்கால் வரை. நேசம், என் கால் விரல்கள் தெரிந்தன! எந்த விரலில் நகம் வெட்டவில்லை என்பதுகூடத் தெரிந்தது. இரண்டாம் முறை வளர்த்த கிருமிகள் முந்தினதை விடப் பசியோடு தின்றதாம். கிருமி தொடாத மூடித் தூளைத் துணிச் சல்லடையில் வடிகட்டிவிடுகிறார்கள். குளத்தில் ஏற்கெனவே படிந்துகிடப்பது போகக் காலமாகும், ஆனால் இனிப் புதிதாக விழாது என்றாள். தொட்டியை அடுத்த வருஷமும் இங்கேயே வைக்க அனுமதி வந்துவிட்டது. அவள் எங்கும் போகவில்லை. நான் அந்த ஓடையில் நின்றே ஒரு பாட்டுப் பாடினேன். உன் மருமகள் எட்டிப் பார்த்தாள். நீயும் திரைக்குப் பின்னால் நின்றாய், தெரியும்.

ஆக, தெளிந்த வெள்ளம் ஓடுகிறது. என் சத்தியம் முடிந்தது. ஆனால் முதலில் பேசவேண்டியவள் நான் இல்லை. பட்டா கேட்டவள் பேசட்டும்.

ஜெயம்


மேல்க்கரை,
20.10.2025

ஜெயத்துக்கு,

பூட்டியவளிடம்தான் சாவி இருக்கும். நான் என் வாயைப் பூட்டவே இல்லை. அதனால் திறக்கவும் மாட்டேன்.

அறுப்பின் பண்டிகை வருகிறது. எல்லோரும் விளைச்சலின் முதற்பலன் கொண்டுவந்து பீடத்தில் படைப்பார்கள், நம் சபை வாலிபன் ஆபேல் அதை ஏலம் போடுவான். நீ வழக்கம்போல மட்டி வாழைப்பழக்குலை தூக்கிக்கொண்டு வருவாய், ஊரே மெச்சவேண்டும். இந்த முறை எங்கள் வீட்டிலிருந்து என்ன வருகிறது என்று பார்.

நேசம்


கீழ்க்கரை,
2.11.2025

கர்த்தருக்குள் அன்பான நேசத்துக்கு,

எழுதிவிட்டேன். கை நோகவில்லை.

பேசியாயிற்றே, பிறகு எதற்குக் கடிதம் என்பாய். மிச்சம் ஒரு ஸ்டாம்பு கிடக்கிறது, வீணாக்க மனமில்லை. தவிரவும் இன்று நடந்ததை நான் எழுதிவைக்காவிட்டால் நீ நாளைக்கே உன் வசதிக்கு மாற்றிச் சொல்வாய்.

நடந்தது இதுதான். பூசணியும் சேனையும் கோழியும் என் மட்டிக்குலையும் போன பிறகு, ஆபேல் ஒரு உருண்டைக் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிப் பார்த்தான். "இது என்னது ரசலையன் அண்ணே, கெணத்து வெள்ளமா?" உன் மகன் தலையைக் குனிந்துகொண்டு, "ஷெட்டில பாட்டில் கழுவுன வெள்ளம். தெளிஞ்சது. எங்க முதற்பலன்" என்றான். பின்னால் யாரோ, "கழுவுன வெள்ளத்துக்கும் ஏலமா?" என்றார்கள். சபையே சிரித்தது. நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த முகத்தைச் சுருக்குகிற உரிமை எனக்கு மட்டும்தான், ஊருக்கு இல்லை.

எழுந்து ஒரு விலை சொன்னேன். சிரிப்பு நின்றது. நீ என்ன செய்தாய்? நன்றியாவது சொன்னாயா? உன் சாமானுக்கு நீயே கையைத் தூக்கி மேலே கேட்டாய்! நான் கேட்க, நீ கேட்க, ஆபேல் பந்து விளையாட்டுப் பார்க்கிறவன் மாதிரித் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்துப்போனான். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி நேசம், கைய எறக்குட்டி! அது எனக்குள்ளது!"

ஐயர்கூட வாயைத் திறந்துகொண்டு நின்றார். நீ கையை இறக்கினாய். "அப்பாடா, நாக்கு உள்ளேதான் இருந்திருக்கு, கேட்டியா" என்றாய். பிறகு நீ சிரித்தாய், நான் சிரித்தேன், ஸ்மைலின் அழுதாள். முதலில் பேசியவள் நான் என்று நீ சொல்லித் திரிவாய். நான் ஏலம்தான் கேட்டேன்.

குப்பி என் மேசையில் வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் உன் வீடு தலைகீழாகத் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற அன்று, அஸ்வதிக்குப் பின்னாலேயே நானும் வருவேன். அடைப்பிரதமன் வைத்துக் கொண்டுவருகிறேன். புகை மணம் இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன்,
ஜெயம்